ஊரா, காலனியா?
நகரத்துக்குப் போனவர்களின் எழுத்தை முன்வைத்து

1

'எந்த ஊரு நீங்க?' என்று நகரத்தில் கேட்கிறார்கள். சொல்கிறோம். 'அதுல எந்தப் பக்கம்?' என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் நம்மில் ஒரு தலைமுறையே நகரத்துக்குள் நுழைந்திருக்கிறது. வேலூர், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கங்களில் கேள்வி இன்னும் சுருக்கமாக வரும். 'ஊரா, காலனியா?' அவ்வளவுதான். காலனி ஊருக்குள் சேர்த்தி இல்லை என்பதை இந்த மூன்றாவது நான்காவது வகுப்புக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதியை வெட்டச் சொன்னது. தமிழ்நாடு ஓரளவுக்கு வெட்டியது. நல்லதுதான். ஆனால் பெயரிலிருந்து இறங்கிய சாதி எங்கே போனது? கேள்விக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தத் தெரு, எந்தச் சாமி, கறி தின்பீர்களா, என்ன கறி, அப்பா என்ன வேலை, உங்க சொந்தக்காரங்க சென்னையில யாரு. நகரத்தில் வாடகைக்கு அறை தேடிய எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம்.

தலித் இலக்கியம் என்று நாம் பேசத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சேரியை எழுதினோம். வயலை, கள்ளுக்கடையை, செத்த மாட்டை, பறையை, பேயை எழுதினோம். எழுதியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் சேரியிலிருந்து கிளம்பிப் பதினெட்டு வயதில் ஒரு தகரப்பெட்டியோடோ தோள்பையோடோ நகரத்தில் இறங்கியவரின் அன்றாடம் நம் எழுத்தில் என்னவாக இருக்கிறது? எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே சாப்பிட்டார், யாரோடு பேசினார், யாரோடு பேசாமல் இருந்தார்? இந்தக் கேள்வியோடு சில பிரதிகளைத் திரும்ப வாசிக்கிறேன்.

2

திருத்தணி என்றதும் பாடப்புத்தகம் ஒரு பையனைக் காட்டும். 1888இல் இங்கே பிறந்து, திருப்பதி மிஷன் பள்ளி, வேலூர், சென்னை கிறித்தவக் கல்லூரி என்று படித்து, பேராசிரியராகி, ஆக்ஸ்போர்டு போய், குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடம்தோறும் இந்தக் கதை. அவர் குடும்பத்தின் வறுமையை நான் மறுக்கவில்லை. நான் பார்ப்பது அந்தக் கதையின் கட்டமைப்பை. அதில் ஊர்விட்டு ஊர் போவது என்பது பட்டங்களின் வரிசை. ஒரு ஊரில் ஒரு பரீட்சை, அடுத்த ஊரில் அடுத்த பரீட்சை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பையன் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கதை சொல்பவர்களும் சொல்வதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை. கேட்கத் தேவைப்படவில்லை என்பதுதான் விஷயம். தண்ணீர் தானாகக் கிடைத்த வாழ்க்கையில் தண்ணீர் கதையாவதில்லை.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு. கிராமத்தை விட்டு நகரம் வந்தவர் ஆற்றங்கரையை, அக்ரகாரத்தை, பண்ணை வீட்டை நினைத்து ஏங்குகிற எழுத்து. நவீனத் தமிழ் இலக்கியத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நகரம் அங்கே இழப்பு. நமக்கு அப்படி இல்லை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் சாதிவெறியும் தேங்கிய இடம் என்று சொன்னபோது நம் பாட்டன்மார் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது அவர்களுக்குத் தெரியும். ஊரை விட்டுப் போவது நமக்கு விடுதலையின் முதல் படி. இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பினார்கள். ஆகவே நம் எழுத்தில் நகரத்தை ஏக்கத்தோடு சபிக்கவும் முடியாது, பட்டங்களின் வரிசையாகப் போற்றவும் முடியாது. மூன்றாவதாக ஒரு சொல்முறை வேண்டும். அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

3

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' ஒரு சின்னப் புத்தகம். 'பறையன்' பத்திரிகை நடத்தியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர், தன் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறாரே என்று தோன்றும். அதில் கோயம்புத்தூரில் படித்த காலம் பற்றிச் சில வரிகள் வருகின்றன. அங்கே இருந்த சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்கிறார். பழகினால் சாதியும் குடும்பமும் வீடு இருக்கும் இடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயம். அதனால் காலையில் வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் மற்ற பிள்ளைகள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

தலித் வரலாறு எழுதுபவர்கள் இந்த வரிகளைச் சாதிக்கொடுமைக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டுவது வழக்கம். ஆதாரம்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் எழுத்தாளர் சீனிவாசனைத் தவறவிடுகிறோம். இந்த வரிகளில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. இருப்பது ஒரு மணிச் சத்தமும் ஒரு நடையும். மற்ற மாணவர்களுக்கு மணி வகுப்பு தொடங்குவதைச் சொல்கிறது. இவருக்கோ, இனிமேல் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், உள்ளே போகலாம் என்று சொல்கிறது. ஒரே மணி, இரண்டு அர்த்தம். சாதி ஒருவருடைய நாளை எப்படி வெட்டித் தைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? நேரத்தை, நடையின் வேகத்தை, நிற்கிற இடத்தைச் சொல்கிறார். இதுதான் நான் சொல்லும் மூன்றாவது சொல்முறை. அவமானத்தை அவமானம் என்று பெயர் சொல்லிக் கூவாமல், அது அன்றாடத்தில் எப்படி இயங்குகிறது என்று காட்டுவது.

அம்பேத்கரும் இப்படித்தான் எழுதுகிறார். 1917இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடாவில் வேலைக்குச் சேரப் போகிறார். வயது 26. எங்கே தங்குவது? பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த கூடம். மின்விளக்கு இல்லை. பேச ஆளில்லை. பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் படியேறி வருகிறது. சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறது. இந்து நண்பரிடம் கேட்கிறார், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். கிறித்தவ நண்பர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். கடைசியில் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

இது 1990இல்தான் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தனிச் சிறுநூலாக வந்தது. சத்திரத்து நாள் வாடகையை மறக்காமல் சொல்கிறார். காவலாளி லாந்தர் கொண்டுவந்ததைச் சொல்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்த மூளை, ஒரு அறை கிடைக்குமா கிடைக்காதா என்பதிலேயே பதினோரு நாள் சுற்றிச் சுற்றி வருகிறது. வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தைச் சாதி தின்கிறது. நகரம் தின்னவில்லை, நகரத்துக்குள் உட்கார்ந்த சாதி தின்கிறது. இந்த வித்தியாசத்தை அவர் எங்கேயும் குழப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பூங்கா அவருக்கு உட்கார இடம் கொடுத்ததையும், வீடுகள் கொடுக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நகரத்தில் நமக்குத் திறந்திருப்பது எது, பூட்டியிருப்பது எது என்ற வரைபடம் அதிலேயே கிடைத்துவிடும். ரயில், பூங்கா, பஸ் நிலையம், அரசு நூலகம் திறந்திருக்கின்றன. வீடு பூட்டியிருக்கிறது.

டெல்லியைச் சுற்றிய நகரங்களில் வாடகை வீடு பற்றி சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே வசதி, ஒரே வருமானம், பெயர் மட்டும் வேறு. தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் சொன்னவர்களுக்கு வீடு மறுக்கப்பட்டது. பரோடாவுக்கும் அதற்கும் இடையே கிட்டத்தட்ட நூறு வருடம்.

4

தமிழில் 1992க்குப் பிறகு வந்த தன்வரலாறுகளுக்கு வருவோம்.

பாமாவின் 'கருக்கு' அந்த வருடம் வந்தபோது 'இது நாவலா, வாழ்க்கைக் குறிப்பா, மொழி இப்படிக் கொச்சையாக இருக்கலாமா' என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்காத ஒன்று, அந்தப் புத்தகத்தில் ஒளிந்துகொள்ளும் இடங்கள் பற்றி. கல்லூரியில் விருந்து. எல்லாரும் பளபளவென்று கட்டிக்கொண்டு வருகிறார்கள். தன்னிடம் நல்ல சேலை இல்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள் அந்தப் பெண். சீனிவாசனின் மணிக்கும் பாமாவின் தாழ்ப்பாளுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. செயல் ஒன்றுதான். ஆனால் பாமா இன்னொன்றையும் சேர்த்து எழுதுகிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எங்கே இறங்குவாய் என்று கேட்கிறாள், சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இடம் தேடுகிறாள். பாமா எழுந்திருப்பதில்லை. குளியலறைக்குள் ஒளிந்தவளும் பஸ்ஸில் நகராமல் உட்கார்ந்தவளும் ஒருத்தியேதான். ஒருத்திக்குள் இரண்டும் இருக்கலாம் என்று அந்தப் பிரதி வெட்கமில்லாமல் சொல்கிறது. கலகம் என்ற சொல்லை மேடையில் உரக்கச் சொல்லும் நாம் இந்த இரண்டாவது பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

ராஜ் கௌதமன் 2002இல் 'சிலுவைராஜ் சரித்திர'த்தை எழுதினார். 1993லேயே 'தலித் பண்பாடு' எழுதிக் கோட்பாட்டுச் சண்டை போட்டவர். நாவலில் அவர் எடுத்துக்கொண்ட ஆயுதம் சிரிப்பு. சிலுவை ஊர் ஊராகப் போகிறான், விடுதியில் இருக்கிறான், படிக்கிறான், வேலை இல்லாமல் திரிகிறான். தன்னையே கேலி செய்துகொண்டு நடக்கிற நடை. கடைசியில் அவன் முன்னால் ஒரு சான்றிதழ் நிற்கிறது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவராக இருக்கும் தலித்தைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சர்ச்சுக்குள் அவன் தலித். சர்க்காருக்கு முன்னால் அவன் தலித் இல்லை. வேலைக்காகக் காகிதத்தில் இந்துவாகிறான். இதைப் பெரிய சோகமாக எழுதியிருந்தால் நாம் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம். சிரிப்பாக எழுதியதால் மூட முடியவில்லை. கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) வேறொரு வழியில் போகிறது. முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் இருந்த பழக்கவழக்கத்தையும், சுற்றுக் கிராமங்களில் நடந்ததையும் ஒப்பிடுகிறார். நகரம், கிராமம் என்ற இரட்டைப் பிரிவு போதாது, எந்த நகரம், யார் வாழும் நகரம் என்று கேட்க வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

இவையெல்லாம் நமக்குக் கிடைத்த செல்வம். ஆனாலும் குறை சொல்லாமல் விமர்சனம் இல்லை. என் குறை இரண்டு. ஒன்று, பெரும்பாலான நம் தன்வரலாறுகளில் சிறுவயதுக்குப் பத்து அத்தியாயம் கிடைத்தால், நகரத்தில் வேலை பார்த்த வருடங்களுக்கு ஒரு அத்தியாயம்கூடக் கிடைப்பதில்லை. சாதி கிராமத்தில் இருக்கிறது, அங்கே அதைப் பார்த்தோம், தப்பித்து வந்துவிட்டோம் என்ற பொதுப்புத்திக்கு இது நம்மை அறியாமல் உதவுகிறது. இரண்டாவது குறையைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

5

எங்கள் ஊர் திருத்தணிக்கு மேற்கே, பள்ளிப்பட்டு போகும் வழியில். எங்களுக்கு முதல் நகரமே திருத்தணிதான். பிறகுதான் சென்னை. அந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரைக்கும் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி மீட்டார்கள் என்று படிக்கிறோம். மாநில எல்லை எங்கள் தலைக்கு மேலே நகர்ந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த எல்லை நகரவில்லை.

படிப்பு முடித்து சென்னையில் வேலை கிடைத்ததும் ஒரு வீட்டு மாடியில் தனி அறை பார்த்தேன். வீட்டுக்கார அம்மா கேட்டார், 'எந்த ஊரும்மா?' 'திருத்தணி' என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'அட, முருகர் ஊரு!' இரண்டாவது கேள்வி வந்தது. 'வீட்ல தெலுங்கா? நாயுடுவா, ரெட்டியா?' நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் தனக்குப் பிடித்தமாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டார். சாவி கிடைத்தது.

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு மாசாமாசம் வட்டி கட்டினேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மலையேறி 365 படியும் ஏறி விபூதி, பஞ்சாமிர்தம் வாங்கிவந்து கொடுத்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆடிக் கிருத்திகைக்கு 'ஏன் காவடிக்குப் போகலையா' என்பார், லீவு இல்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஆட்டுக்கறி வாசம்தான் வர வேண்டும் என்று பார்த்துக்கொள்வேன். போனில் அம்மாவோடு பேசும்போது மாடிப்படியில் நிற்காமல் தெருவுக்குப் போய்விடுவேன். ரெட்டைமலையாரின் வேகநடையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நடந்து முடித்திருந்தேன்.

ஒருநாள் அம்மா சொல்லாமல் வந்துவிட்டது. திருத்தணியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. நான் வேலையிலிருந்து திரும்பும்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா 'உள்ள வந்து உக்காருங்க' என்று நாற்காலி காட்டியிருக்கிறார். 'இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா' என்று கைகூப்பிக்கொண்டு நின்றிருக்கிறது, இரண்டு மணி நேரம். நான் போனபோது வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அடுத்த மாதம், பையன் துபாயிலிருந்து வருகிறான், மாடி வேண்டியிருக்கிறது என்றார். பையன் வந்தானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

சாமான் கட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு ரயிலில் அம்மா கேட்டது: 'நான் நாற்காலியில உக்காந்திருக்கணுமா பாப்பா?'

6

இந்தக் கேள்விதான் என் இரண்டாவது குறை. நம் பிரதிகளில் ஒளிந்துகொண்டவர் இருக்கிறார். ஒளித்துவைக்கப்பட்டவர் இல்லை. சீனிவாசன் வேகமாக நடந்து போய்ச் சேர்ந்த வீட்டில் யார் இருந்தார்கள்? மகன் தங்களை மறைப்பதற்காகத்தான் இப்படி ஓடிவருகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? அந்தச் சுருக்கத்தில் அதற்கு இடமில்லை. சரி, அது 1939. இன்று எழுதுகிற நமக்கு என்ன? நகரத்தில் சாதியை மறைப்பது என்றால் ஏதோ ஒரு சொல்லை மறைப்பது என்று நினைக்கிறோம். இல்லை. அம்மாவை மறைப்பது. அம்மாவின் கைகூப்பலை, அவள் உட்காராமல் நிற்பதை, அவள் பேச்சை மறைப்பது. நகரத்தில் ஒரு அறைக்கு நாம் கொடுக்கும் உண்மையான அட்வான்ஸ் அதுதான்.

இங்கே என் தோழர்களில் சிலர் கோபப்படுவார்கள். 'ஒளித்துக்கொள்வது துரோகம். நான் இன்னார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லு' என்பார்கள். சொல்வது சரி. ஆனால் யாரிடம் சொல்கிறார்கள்? வேலை உறுதியாகி, சொந்த வீடு கட்டி, பின்னால் இயக்கம் நிற்கும்போது சொல்வது ஒன்று. பத்தொன்பது வயதில் கையில் இரண்டாயிரம் ரூபாயோடு, ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாமல் நிற்கிற பெண்ணிடம் அதைக் கேட்பது வேறு. அம்பேத்கர் பார்சிப் பெயரில் பதிவேட்டில் கையெழுத்திட்டதை எழுதியே வைத்துவிட்டுப் போனார். அதை எழுதியதால் அவர் சிறுத்துப் போகவில்லை. அவரை அந்தக் கையெழுத்துக்குத் தள்ளியவர்கள்தான் சிறுத்துப் போனார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கேள்வி கேட்டவர், சிரித்துச் சமாளித்தவர் அல்ல. இந்த இடத்தில் நம் விமர்சனம் தெளிவாக இல்லாவிட்டால், எழுத வேண்டியவர்கள் வெட்கப்பட்டு எழுதாமலே போய்விடுவார்கள். போய்க்கொண்டும் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் வெறும் புகாராகவும் எழுத வேண்டாம். நகரம் நமக்குக் கொடுத்ததையும் எழுத வேண்டும். பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012) நம் திருவள்ளூர் மாவட்டப் பக்கத்து இளைஞர்களைப் பஸ்ஸில், கானாவில், காதலில் காட்டியது. சாதிப் பெயரை உச்சரிக்காமலே அது யாருடைய வாழ்க்கை என்று தெரிந்தது. சந்தோஷமும் நம் அன்றாடம்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு, யாரும் பெயர் கேட்காத பிளாட்பாரத்து டீக்கடை, லேடீஸ் பெட்டியில் பூக்கட்டிக்கொண்டு வரும் அக்காக்களின் பேச்சு. இவற்றுக்கும் எழுத்தில் இடம் வேண்டும்.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடிவதற்கு முன்பே கிளம்பும் லோக்கலில் கல்லூரிப் பிள்ளைகளும், கட்டட வேலைக்காரர்களும், ஆபீஸ் கூட்டும் பெண்களும், அந்த ஆபீஸிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அவர்களுடைய பிள்ளைகளும் ஒன்றாக வருகிறார்கள். சிலர் நகரத்தில் அறை எடுத்துத் தங்காமல் தினமும் இத்தனை தூரம் ஏன் போய்வருகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? வாடகை அதிகம் என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் இருக்கிறது.

அந்தப் பதிலை எழுதுங்கள். கதையா, கட்டுரையா, சாட்சியமா என்ற கவலை வேண்டாம். மணி எத்தனை, வாடகை எவ்வளவு, யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்லாமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்காகக் கேட்டுக்கு வெளியே நின்றவர் யார் என்று எழுத மறக்காதீர்கள்.

என் அம்மாவுக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அரக்கோணம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்: உட்கார்ந்திருக்கணும்மா. நான்தான் உன்னை முதல்லயே கூட்டிட்டுப் போய் உட்கார வச்சிருக்கணும்.